திக்கிப் பேசிய பையனும் புனிதர் கதைகளும்: கிளுச்செவ்ஸ்கியின் இளமைக்காலம்

கேள்வி இதுதான்: ரஷ்ய வரலாற்றாசிரியர் வசீலி கிளுச்செவ்ஸ்கி சிறுவயதில் கடுமையாகத் திக்கிப் பேசியவராம். அப்பாவின் கோர மரணத்தைக் கண்ட அதிர்ச்சியில்தான் அந்தத் திக்கல் வந்ததாம். அப்படிப்பட்டவர் பின்னாளில் மாஸ்கோவிலேயே கூட்டம் அலைமோதும் விரிவுரையாளர் ஆனது எப்படி? அவருடைய ஆரம்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

அப்பாவின் மரணம் உண்மை. திக்கலும் உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்ற இடத்தில் மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன். ஏன் தயக்கம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவரே கிளுச்செவ்ஸ்கிதான்.

1841 ஜனவரி 16 (இன்றைய நாள்காட்டிப்படி 28) அன்று, பென்சா மாகாணத்தில் வஸ்க்ரெசென்ஸ்கொயே என்ற சிற்றூரில் பிறந்தார். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே அறுநூறு கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது பென்சா. அப்பா ஓசிப் வசீலியெவிச், கிராமத்துப் பங்குப் பாதிரியார். (பங்கு என்றால் ஒரு கோயிலைச் சார்ந்த ஊர்ப்பகுதி.) அம்மா ஆன்னா ஃபியோதரவ்னாவும் குருமார் குடும்பத்துப் பெண்தான். இது தற்செயல் இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பங்குப் பாதிரியார் மணமானவராக இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பெண்ணும் பெரும்பாலும் இன்னொரு பாதிரியார் வீட்டிலிருந்துதான் வரும். பாதிரியாரின் மகன் குருமடத்துக்குப் போவான், பாதிரியாரின் மகளைக் கட்டுவான், அவன் மகனும் அதே வழியில் போவான். அக்கால ரஷ்யாவில் குருமார் என்பது ஒரு தொழில் மட்டும் அல்ல, சட்டப்படியே தனி வகுப்பு. நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு சாதி. ஆனால் கௌரவத்துக்கும் வருமானத்துக்கும் சம்பந்தம் இல்லாத சாதி. கிராமத்துப் பாதிரியார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிடைக்கிற காணிக்கையை நம்பி இருப்பார். வார நாட்களில் பங்குக்குரிய நிலத்தில் குடியானவர் போலவே ஏர் ஓட்டுவார்.

பெயரைப் பாருங்கள், அதிலேயே ஊர் இருக்கிறது. ‘கிளுச்’ என்றால் ஊற்று, சாவி இரண்டும்தான். பென்சா பக்கம் கிளுச்சி என்றொரு கிராமம் உண்டு. முன்னோர் அங்கே பணிபுரிந்ததால் அந்தப் பெயர் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ரஷ்யக் குருமார் பெயர்கள் பலவும் இப்படித்தான் ஊர், கோயில், திருநாள் என்று ஏதாவது ஒன்றிலிருந்து கிளைத்தவை. ரஷ்ய வரலாற்றின் ஊற்றைத் தேடிப் போனவருக்குப் பெயரிலேயே ஊற்று என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள், அது வெறும் ஊர்ப்பெயர்!

அப்பாதான் முதல் ஆசிரியர். வேகமாகவும் பிழையில்லாமலும் வாசிக்க, எழுத, இசைக்குறிப்பு பார்த்துப் பாட, மூன்றையும் அவர் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் இருந்த புத்தகங்கள் ஒரு பாதிரியார் வீட்டில் இருக்கக்கூடியவை: ஜெப நூல், சங்கீதப் புத்தகம், அப்புறம் மாதவாரியாகத் தொகுக்கப்பட்ட புனிதர் வரலாறுகள். இந்தக் கடைசித் தொகுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர், ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு கதை. பழைய ரஷ்யாவின் வாசகர்களுக்கு நாவலும் சரித்திரமும் சாகசமும் எல்லாம் அதுதான். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்தே அந்தக் கதைகளின் மொழியும் அடுக்கும் பையனின் காதில் விழுந்துகொண்டிருந்தன.

அப்பாவை ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக இருந்தது மொஷாரவ்கா என்ற கிராமம். 1850 ஆகஸ்டில் அவர் சந்தைக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் இடியும் மின்னலுமாகப் பெருமழை. சேறான பாதையில் வண்டி கவிழ்ந்து, அதிலேயே இறந்துபோனார். தேடிப்போன குடும்பத்தார் உடலைப் பாதையில் கண்டார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வசீலிக்கு அப்போது ஒன்பதரை வயது.

இந்த மரணத்தோடு என்னென்ன போயிற்று என்பதைப் பார்த்தால்தான் அடுத்த பத்தாண்டுகள் புரியும். பங்குப் பாதிரியாரின் வீடும் நிலமும் பதவியோடு சேர்ந்தவை. அடுத்த பாதிரியார் வந்து இறங்கியதும் விதவை வெளியேற வேண்டியதுதான். ஆன்னா ஃபியோதரவ்னா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பென்சா நகரத்துக்குப் போனார். இறந்தவரின் நண்பரான ஒரு பாதிரியார் இரக்கப்பட்டுச் சிறிய வீடு ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சின்ன வீட்டிலும் நல்ல பகுதியை வாடகைக்கு விட்டுவிட்டு மிச்சத்தில் இவர்கள் ஒண்டிக்கொண்டார்கள். தாயின் கையில் அநாதைகளாக விடப்பட்ட அந்தக் காலத்தில் எங்களைவிட ஏழைகள் யாராவது இருந்திருப்பார்களா என்ற பொருளில், பல ஆண்டுகள் கழித்துச் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். வறுமையை அலங்கரித்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பென்சாவில் குருமார் பிள்ளைகளுக்கான தொடக்கப் பள்ளியில் சேர்த்தார்கள். லத்தீன், கிரேக்கம், மனப்பாடம், பிரம்படி என்று அக்காலத்து ரஷ்யாவில் பேர்போன பள்ளிகள் இவை. வாய்விட்டு ஒப்பிப்பதுதான் அங்கே படிப்பு. அங்கேதான் திக்கல் பெரிய பிரச்சினையானது. வாய் திறந்தால் வார்த்தை வராது. ஆசிரியர்களுக்குப் பொறுமை போய், இந்தப் பையனைப் பள்ளியில் வைத்திருப்பதில் பயனில்லை என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். சபையின் படிப்பு நின்றுபோனால் ஏழைப் பாதிரியாரின் மகனுக்கு வேறு போக்கிடம் இல்லை. தாய் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மூத்த குருமட மாணவனைப் பாடம் சொல்லித்தர அமர்த்தினார். அவனிடம் படித்த கொஞ்ச காலத்தில் பையனின் பேச்சு மாறிவிட்டது.

அந்த மூத்த மாணவன் கையாண்ட வழி என்ன என்பது முழுமையாகத் தெரியாவிட்டாலும், விளைவு எல்லோரும் கேட்டது. மெதுவாகப் பேசுவது. ஒவ்வொரு சொல்லின் கடைசி அசையையும் விழுங்காமல் தெளிவாக உச்சரிப்பது. மாட்டிக்கொள்ளும் இடத்தில் பதறாமல் ஒரு இடைவெளி விடுவது, அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டதுபோல ஆக்கிவிடுவது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மாஸ்கோ மாணவர்கள் மெய்மறந்து பேசிய குரல் இதுதான்: சன்னமான குரல், அவசரமே இல்லாத பேச்சு, முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தம். திக்கல் முழுக்கப் போய்விடவும் இல்லை. வயதான காலத்திலும் எட்டிப்பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கேட்டவர்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1856-இல் பென்சா குருமடத்தில் சேர்ந்தார். உதவித்தொகை கிடைத்தது, போதாததற்குப் பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். டியூஷன் வருமானத்தில் குடும்பத்தைத் தாங்குவது பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கிவிட்டது.

குருமடத்தைப் பற்றி அவருக்குக் கசப்பு உண்டு. இருந்தாலும் அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் பலர் குருமடத்தைத் தப்பித்துவர வேண்டிய சிறையாக மட்டும் காட்டிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. அங்கே கற்ற சர்ச் ஸ்லாவோனிக் மொழி, அதாவது ரஷ்யத் திருச்சபையின் பழைய வழிபாட்டு மொழி, இல்லாமல் பிற்பாடு பழைய கையெழுத்துச் சுவடிகளை அவ்வளவு சரளமாகப் படித்திருக்க முடியாது. லத்தீனும் கிரேக்கமும் அங்கே வந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துப் பயிற்சி. ஒரு தலைப்பைக் கொடுத்து, கூற்று, எதிர்க்கூற்று, காரணம், உவமை என்று கட்டிக் கட்டி எழுதவைப்பார்கள். பாதிப் பிள்ளைகள் அதில் மரத்துப்போவார்கள். கிளுச்செவ்ஸ்கியின் உரைநடையைப் படித்தவர்களுக்கு அது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். ஒரு வாக்கியத்தின் முதல் பாதி ஒரு மன்னரைத் தூக்கி வைக்கும், இரண்டாம் பாதி இறக்கி வைக்கும். பல்கலைக்கழகத்தில் வரலாறு மட்டும் படித்த ஒருவருக்கு அந்தக் கத்தி கிடைத்திருக்காது. அது பிரசங்கம் எழுதப் பழகியவனின் கத்தி.

பாடத்துக்கு வெளியே அவர் படித்தது வேறு. கரம்சின், சொலவியோவ், கவேலின், கொஸ்தமாரவ், கிரனோவ்ஸ்கி என்று கையில் கிடைத்த வரலாற்றாசிரியர்களையெல்லாம் படித்தார். மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் வெளிவந்த கனமான மாத இதழ்களும் குருமட மாணவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. சொலவியோவ் 1851 முதல் ஆண்டுக்கு ஒரு தொகுதி வீதம் ரஷ்ய வரலாற்றை வெளியிட்டுக்கொண்டிருந்தார். பென்சாவில் ஒரு குருமட மாணவன் அதைத் தொடர்ந்து படித்திருக்கிறான் என்பதே அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

பென்சாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரயில்கூட எட்டிப்பார்க்காத மாகாண நகரம். 1874-இல்தான் அங்கே ரயில் வந்தது. ஆனாலும் 1850-களில் அந்த ஊரில் இருந்தவர்களைப் பாருங்கள். பிரபுக்களின் பிள்ளைகளுக்கான கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டிருந்தவர் இல்யா உலியானவ், லெனினின் தந்தை. அங்கே உயர்நிலைப் பள்ளியில் படித்த இருவர் நிக்கொலாய் இஷூத்தின், திமீத்ரி கரகோசவ். இஷூத்தின் பின்னாளில் மாஸ்கோவில் ரகசியப் புரட்சிக் குழு நடத்தியவர். கரகோசவ் 1866 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜார் இரண்டாம் அலெக்சாந்தரை நோக்கிச் சுட்டு, குறி தவறி, தூக்கிலிடப்பட்டவர். இதே தெருக்களில்தான் கிளுச்செவ்ஸ்கியும் டியூஷன் சொல்லித்தரப் போய்வந்துகொண்டிருந்தார்.

1860 டிசம்பரில், படிப்பு முடியும் முன்பே, குருமடத்திலிருந்து தன்னை விடுவிக்கக் கேட்டு விண்ணப்பம் போட்டார். உடல்நலம் சரியில்லை, குடும்ப நிலைமை சரியில்லை என்று காரணம் எழுதினார். யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. அவர் சிறந்த மாணவர். ஆன்மிகக் கழகத்தில் (திருச்சபையின் உயர்கல்வி நிறுவனம்) மேற்படிப்பு படித்துத் திருச்சபையின் பெரிய அறிஞராக வருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். விடுதலைக்கு ஆயரின் சம்மதம் வேண்டும். உதவித்தொகை வாங்கியவர் என்பதால் இழுத்தடிக்கவும் வாய்ப்பு இருந்தது. ஆனால் பென்சா ஆயர் வர்லாமின் பதில் ஆச்சரியமாக எளிமையானது: இவர் படிப்பை இன்னும் முடிக்கவில்லை, குருவாக இருக்க விருப்பமில்லை என்றால் தடையில்லாமல் விடுவித்துவிடலாம். ரஷ்ய வரலாற்றியல் அந்த ஆயருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது என்றே சொல்வேன்.

பணத்துக்கு உதவியவர் மாமா, அவரும் ஒரு பாதிரியார், இவான் எவ்ரொப்பெய்த்செவ். குலத் தொழிலை உதறிவிட்டுப் போகிற பையனைத் திட்டாமல், கையில் பணம் கொடுத்து வழியனுப்பியவர். கிளுச்செவ்ஸ்கி மாஸ்கோவிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு எழுதிய கடிதங்கள் அன்பு மிகுந்தவை.

அவர் கிளம்பிய 1861 சாதாரண ஆண்டு அல்ல. பிப்ரவரி 19 அன்று ஜார் கையெழுத்திட்ட பிரகடனம் பண்ணையடிமை முறையை ஒழித்தது. நிலம் கிடைக்கும் என்று நம்பிய குடியானவர்களுக்கு, நிலத்துக்குப் பல ஆண்டுகள் பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்ததும் கொந்தளிப்பு. ஏப்ரலில் பென்சா மாகாணத்திலேயே கந்தியெவ்கா கிராமத்தில் பெரிய கலகம். ராணுவம் வந்து சுட்டு அடக்கியது. அதே மாதம் கசான் பக்கம் பெஸ்த்னா கிராமத்திலும் துப்பாக்கிச் சூடு. அங்கே செத்தவர்களுக்காக நடந்த இரங்கல் வழிபாட்டில் உரையாற்றிக் கைதானவர் அஃபனாசி ஷாப்பவ், இவரும் குருமடத்திலிருந்து வந்த வரலாற்றாசிரியர். பிற்காலத்தில் கிளுச்செவ்ஸ்கி அரசர்களையும் போர்களையும்விட நிலம், வரி, உழைப்பு, குடியானவனின் கடன் என்று தோண்டிக்கொண்டே இருந்ததற்கு வேர் எங்கே என்று கேட்டால், இருபது வயதில் தன் மாகாணத்தில் கண்ட இந்த வசந்தத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

கோடையில் மாஸ்கோ போய், நுழைவுத் தேர்வுகளை எழுதி, மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வரலாறு-மொழியியல் துறையில் சேர்ந்தார். சேர்ந்த வேகத்தில் கலவரம். கட்டணத்தைக் கட்டாயமாக்கிய புதிய விதிகளை எதிர்த்து மாணவர்கள் கிளம்பினார்கள். அக்டோபரில் கவர்னர் ஜெனரல் வீட்டின் முன்னால் கூடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. கிளுச்செவ்ஸ்கி கூட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் அல்ல. நடப்பதையெல்லாம் கூர்ந்து பார்த்து, பென்சாவில் இருந்த குருமட நண்பன் பர்ஃபீரி க்வோஸ்தெவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். மாஸ்கோ தெருக்கள், பேராசிரியர்கள் பேசும் விதம், சக மாணவர்களின் வீரவசனம் என்று எல்லாமே அந்தக் கடிதங்களில் உண்டு. கிண்டலும் உண்டு. கூட்டத்துக்குள் இருந்துகொண்டே ஒரு அடி தள்ளி நிற்கிற பார்வை. கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். தாயையும் குடும்பத்தையும் டியூஷன் காசில் தாங்குகிறவனுக்குக் கைதாகும் வசதி கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்வார்கள். மாஸ்கோவில் இஷூத்தின் குழுவினர் தங்கள் ஊர்க்காரரான கிளுச்செவ்ஸ்கியையும் உள்ளே இழுக்கப் பார்த்தார்களாம். இஷூத்தின் இவர் தலையில் கைவைத்து, ‘இவனை விட்டுவிடுங்கள், இவன் பாதை வேறு, இவன் அறிஞனாக வருவான்’ என்ற பொருளில் சொன்னாராம். அழகான கதை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களில் இருவர் முக்கியம். ஒருவர் ஃபியோதர் புஸ்லாயெவ், மொழியியலும் பழைய இலக்கியமும் கற்பித்தவர். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதைப் பேசிய சமூகத்தின் நம்பிக்கைகளுக்கும் பழக்கங்களுக்கும் எப்படிப் போவது என்று காட்டியவர். மொழியே ஒரு வரலாற்றுச் சான்று என்பதை அவரிடம் கற்றதாகக் கிளுச்செவ்ஸ்கி நன்றியோடு எழுதியிருக்கிறார். மற்றவர் சொலவியோவ். பென்சாவில் அச்சில் படித்தவரை நேரில் கேட்கும் வாய்ப்பு பாதிப் படிப்பு தாண்டிய பிறகே கிடைத்தது. அவருடைய வகுப்பைப் பற்றிக் கிளுச்செவ்ஸ்கி எழுதியது இப்படிப் போகும்: சொலவியோவ் வாசிக்கவில்லை, பேசினார், தன் சிந்தனையை எளிதில் விழுங்கக்கூடிய மெல்லிய துண்டுகளாக அரிந்து அரிந்து வைப்பதுபோல விட்டு விட்டுப் பேசினார், அதனால் சுருக்கெழுத்து தெரியாமலே அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட முடிந்தது.

இந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். விட்டு விட்டுப் பேசுவதை இவ்வளவு கவனமாகக் காதில் வாங்கியவர், சிறுவயதில் வார்த்தை வராமல் தவித்த ஒருவர். இடைவெளி விட்டுப் பேசினாலும் அரங்கத்தைக் கட்டிப்போட முடியும் என்று அவருக்கு நேரில் காட்டியவர் சொலவியோவாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வு, மாஸ்கோ அரசைப் பற்றி வெளிநாட்டவர் எழுதிவைத்த குறிப்புகள் குறித்தது. 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை வந்துபோன தூதர்கள், வணிகர்கள், கூலிப்படைக்காரர்கள் என்று சுமார் நாற்பது பேரின் குறிப்புகள். ஆஸ்திரியத் தூதர் ஹெர்பர்ஷ்டைன், ஆங்கிலேயர் ஃபிளெட்சர், ஜெர்மன் அறிஞர் ஒலியாரியஸ் எல்லோரும் அதில் உண்டு. வெளியூர்க்காரன் அரசியலைத் தப்பாகப் புரிந்துகொள்வான். ஆனால் உள்ளூர்க்காரனுக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத சாலை, விலைவாசி, சாப்பாடு, குளிர் இதையெல்லாம் எழுதிவைப்பான். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்தெடுப்பதுதான் அந்த ஆய்வின் சாரம். க்வோஸ்தெவுக்குக் கடிதம் எழுதிய பென்சாக்காரர் அந்த வெளியூர்க்காரர்களை நன்றாகவே புரிந்துகொண்டிருப்பார். ஆய்வுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1865-இல் பட்டம், 1866-இல் நூல் வெளியீடு. மேற்கொண்டு பேராசிரியர் பதவிக்குத் தயாராகும்படி சொலவியோவ் அவரைத் துறையிலேயே நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஆறு ஆண்டுகள்தான், என் கணிப்பில், கிளுச்செவ்ஸ்கி கிளுச்செவ்ஸ்கியான காலம். வடகிழக்கு ரஷ்யாவின் காடுகளில் மடங்கள் எப்படிப் பரவின, மடங்களின் பின்னால் குடியானவர்கள் எப்படிக் குடியேறினார்கள் என்று எழுதுவதாகத் திட்டம். காட்டுக்குள் முதலில் போய்க் குடிசை போட்ட துறவிகளைப் பற்றி எங்கே செய்தி கிடைக்கும்? புனிதர் வரலாறுகளில். அப்பா படிக்கச் சொல்லிக்கொடுத்த அதே வகைக் கதைகள். ஒரு சுரங்கமே காத்திருக்கிறது என்ற நம்பிக்கையோடு இறங்கினார். மாஸ்கோ நூலகங்கள் போதாமல், கிரிமியப் போரின்போது பாதுகாப்புக்காகக் கசானுக்குக் கொண்டுபோகப்பட்ட சலவெத்ஸ்கி மடத்துச் சுவடிகள் வரை தேடிப் போனார். ஐயாயிரத்துக்குக் குறையாத பிரதிகளைப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

கிடைத்தது ஏமாற்றம். கதைகள் எல்லாம் ஒரே அச்சு. பக்தியான பெற்றோர். மற்றப் பிள்ளைகளோடு விளையாடாத பிள்ளை. சிறுவயதிலேயே ஏதோ ஒரு அடையாளம். அப்புறம் காடு, சோதனை, அற்புதம், அமைதியான மரணம். ஒரு புனிதரின் கதையிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்து இன்னொருவர் கதையில் பொருத்தியிருந்தார்கள். சிலருடைய வாழ்க்கை பற்றி எதுவுமே தெரியாத நிலையில், அச்சை வைத்துக்கொண்டு கதையை வார்த்திருந்தார்கள். உருவப்படத்துக்கும் திருவுருவ ஓவியத்துக்கும் என்ன வித்தியாசமோ, அதுதான் வாழ்க்கை வரலாற்றுக்கும் புனிதர் வரலாற்றுக்கும் என்ற ஒப்பீடு அவருடையது. திருவுருவத்தில் மூக்கு எப்படி இருந்தது என்று தேடக்கூடாது. அதன் வேலை அது இல்லை.

இன்னொருவராக இருந்தால் தலைப்பை மாற்றியிருப்பார். கிளுச்செவ்ஸ்கி அந்த ஏமாற்றத்தையே ஆய்வாக எழுதினார். எந்தக் கதை எந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டது, யார் எந்த ஆண்டில் எழுதினார், எந்த வரியில் மட்டும் உண்மையான ஊரும் ஆளும் எட்டிப்பார்க்கிறார்கள் என்று அலசி, 1871-இல் நூலாக வெளியிட்டு, அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். உலர்ந்த புத்தகம், இன்பமாகப் படிக்க முடியாது. ஆனால் ஒரு சான்றை எங்கே நம்புவது, எங்கே கதைசொல்லியின் கை விழுந்திருக்கிறது என்று பார்க்கும் கண் அதில்தான் தீட்டப்பட்டது.

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். அப்பாவின் மரணம், திக்கல், காப்பாற்றிய பெயரில்லாத மூத்த மாணவன், தலையில் கைவைத்து எதிர்காலம் சொன்ன புரட்சிக்காரன். இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள், அந்த அச்சு தெரிகிறதா? ரஷ்யாவின் மிகப் பெரிய புனிதரான ரதோனேஷ் செர்கியின் வரலாற்றிலேயே, எழுத்துப் படிக்க வராமல் திட்டு வாங்கும் சிறுவனும், வயல்வெளியில் எதிர்ப்பட்டு அவனை ஆசீர்வதிக்கும் பெயர் தெரியாத முதிய துறவியும் உண்டு. அதன் பிறகு அவன் சரளமாகப் படித்துவிடுகிறான். கிளுச்செவ்ஸ்கியின் வாழ்க்கையை எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. விபத்தும் திக்கலும் உதவிய மாணவனும் உண்மையாகவே இருக்கலாம். அவற்றைக் கோர்த்திருக்கும் நூல்தான் அந்தப் பழைய நூல். திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், பேச்சு வேகமாக வளரும் பருவத்தில் தொடங்குவது. அதில் பரம்பரைக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஒன்பதரை வயதில் ஒரே அதிர்ச்சியில் புதிதாக வருவது அபூர்வம். முன்பே லேசாக இருந்தது அந்த ஆண்டின் துயரத்தாலும், புது ஊராலும், ஒப்பிக்கச் சொல்லி மிரட்டிய பள்ளியாலும் மோசமாகியிருக்கும் என்று நினைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘இடி விழுந்தது, நா எழவில்லை’ என்பது கதைக்கு நன்றாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

எப்படி விரிவுரையாளர் ஆனார் என்ற பகுதிக்குப் பதில் இன்னும் சாதாரணமானது: நிறையப் பேசிப் பழகினார். 1867 முதல் அலெக்சாந்தர் ராணுவப் பள்ளியில் பாடம். 1871 முதல் செர்கியெவ் பசாதில் இருந்த மாஸ்கோ ஆன்மிகக் கழகத்தில் பாடம். குருமடத்தை விட்டு ஓடிவந்தவர் குருமட மாணவர்களுக்கே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார். 1872-இல் மாஸ்கோவில் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகள் தொடங்கியபோது அங்கும் போனார். ராணுவ மாணவன், வருங்காலப் பாதிரியார், படிக்கத் துடிக்கும் பெண்கள் என்று இத்தனை விதமான கூட்டத்துக்கு முன் பேசிப் பழகியவருக்கு, 1879-இல் சொலவியோவ் இறந்து பல்கலைக்கழக மேடை கிடைத்தபோது வயது முப்பத்தெட்டு. அதற்குள் அந்தக் குரல் முழுதாக உருவாகிவிட்டது. அவருடைய சிலேடைகளும் குத்தல்களும் அந்த நிமிடத்தில் தோன்றியவை போல இருக்கும், ஆனால் பல வாக்கியங்களை முன்கூட்டியே குறிப்பேட்டில் செதுக்கி வைத்திருந்தார். பிற்காலத்தில் இசைநாடகப் பாடகர் ஷல்யாப்பின், பரீஸ் கதுனோவ் என்ற ஜாரின் வேடத்துக்காக இவரிடம் யோசனை கேட்டு வந்தபோது, சூழ்ச்சிக்காரப் பிரபு ஷூய்ஸ்கியாக இவர் நடித்துக் காட்டியதைப் பார்த்து அந்தப் பெரிய பாடகரே அசந்துபோனார்.

சொந்த வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவராக இருந்தபோது பரதின் குடும்பத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். அந்த வீட்டுப் பெண் ஆன்னாவை விரும்பினார், அவர் மறுத்துவிட்டார். 1869-இல் அவருடைய அக்கா அனீசியாவை மணந்தார். மகன் பரீஸ் பிறந்தது 1879-இல்.

அவர் விரிவான சுயசரிதை எதுவும் எழுதவில்லை. அதனால் இளமைக் காலத்துக்கு நம்பகமான சான்று என்று நான் காட்டுவது க்வோஸ்தெவுக்கு எழுதிய கடிதங்களைத்தான். அவை 1924-இல் அச்சாயின. முதுமையில் யாரோ நினைவுகூர்ந்தவை அல்ல, இருபது வயதில் மை காயும் முன் தபாலில் போனவை. இடியும் மழையும் அங்கே இல்லை. வாடகை அறை இருக்கிறது, பாடம் சொல்லிக்கொடுக்கப் போன வீடுகள் இருக்கின்றன, தலைநகரத்துக்காரர்களின் அலட்டலைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிற ஒரு பென்சாக்காரர் இருக்கிறார்.